யாருக்கு இந்த மாத்திரை?

மருந்துக்கடைகள் எல்லாம் மூடிப் பல ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. காகிதம் அச்சடிப்பதுபோல மாத்திரை அச்சடிக்கும் பெட்டிகள் வந்துவிட்டன. டாக்டர் எழுதுவது நேராக அச்சு சர்வருக்குப் போகும். பெட்டியின்மேல் கட்டை விரலை வைத்தால், அந்த வேளைக்கான மாத்திரை இளஞ்சூடாகக் கிண்ணத்தில் வந்து விழும். வேடசந்தூர் சாலையில் இருந்த அந்த நூற்பாலையின் விடுதிப் பெண்கள் அதை மாத்திரைப் பொட்டி என்றார்கள்.

அந்தச் சர்வரைச் சரிசெய்யத்தான் ஜெசிந்தா திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவந்துவிடும். அன்றைக்குக் கருவிப் பையைத் தரையில் வைப்பதற்குள்ளேயே சிவந்துவிட்டது.

விடுதி வராந்தாவில் ஒரு பெண் தோள்பையும் வாளியுமாக நின்றுகொண்டிருந்தாள். வாளிக்குள் சோப்பு டப்பா, ஒரு கண்ணாடி, நனைந்த துண்டு. காயப் போட்ட துணியைக்கூடக் காயவிடாமல் கிளப்பியிருக்கிறார்கள். எதிரே மில்லின் நல அலுவலர் சம்பத்குமார், சட்டைப் பையில் இரண்டு பேனாக்களோடு.

"பஸ் ஒன்றரைக்கு இருக்கு வள்ளிமயில். வண்டி வெச்சு ஏத்தி விடச் சொல்றேன். உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றது."

"நான் என்ன சார் தப்புப் பண்ணேன்?"

"தப்புன்னு யாரு சொன்னா? உடம்புக்கு முடியல. வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, ரத்தச் சோகைக்கு ஒண்ணு, மனசுக்கு ஒண்ணு. இத்தனையும் சாப்பிடுற பொண்ண நான் எப்படிம்மா ரிங் பிரேம் பக்கத்துல நிக்க வைப்பேன்? ஓடுற மெஷின்ல விழுந்தா யாரு பதில் சொல்றது?"

வள்ளிமயில் சிரித்துவிட்டாள். அந்த நேரத்தில் சிரிக்கக் கூடாதுதான். "எனக்கா சார்? நான் மூணு வருஷமா ஒரு தும்மல்கூடத் தும்மல."

"கேட் மெஷின் பொய் சொல்லாது" என்றார் சம்பத்குமார்.

ஜெசிந்தா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கோபம் தலைக்கேறும்போது மூன்று முறை மாதாவை அழைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட கட்டளை. ஒரு முறை அழைத்தாள். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"சார், கேட் மெஷினுக்கு இந்தப் பொண்ணு என்ன மாத்திரை எடுத்தான்னு யாரு சொன்னா?"

அவர் திரும்பினார். "நீங்கதான் சர்வர் மேடமா? வாங்க, வாங்க. ஆபீஸ் கட்டடத்துல இருக்குற பொட்டி சர்வருக்குத் தெரிய மாட்டேங்குது. டாக்டர் சீட்டை நேரா வாங்கிக்கிட்டுத் தனியாவே ஓடிக்கிட்டிருக்கு. எல்லாப் பொட்டியும் ஒரே சர்வர்ல இருக்கணும்னு மேல இருந்து உத்தரவு."

"நான் கேட்டது வேற சார்."

"யாரும் சொல்லலம்மா. அதுவே தெரிஞ்சுக்கிட்டுது. புது மெஷின்ல, நல்ல புத்திசாலி."

ஜெசிந்தா அறைக்குள் போய்ச் சர்வரின் திரையைத் திறந்தாள். அவர் சொன்னது உண்மைதான். யாரும் சொல்லவில்லை. சர்வரில் டிஸ்கவரி என்னும் அறிவிப்பு வசதி திறந்து கிடந்தது. அந்த வட்டாரத்து வலையில் உள்ள இயந்திரங்களுக்கெல்லாம் 'நான் இங்கே இருக்கிறேன், என்னிடம் இன்னின்னது இருக்கிறது' என்று அது ஓயாமல் கூவிக்கொண்டிருந்தது. வாசலில் இருந்த வருகை இயந்திரம் அதைக் கேட்டது, பேச்சுக் கொடுத்தது, மாத்திரைப் பதிவை வாங்கிப் படித்தது. பிறகு தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, அன்று காலை வள்ளிமயில் விரல் வைத்தபோது சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டது.

பின்னாலேயே வந்து நின்ற சம்பத்குமாரிடம் ஜெசிந்தா சொன்னாள்: "வீட்டுல ஒரு ஆளு இருக்காரு சார். வாசலத் திறந்து போட்டுட்டு, தெருவுல போறவங்களையெல்லாம் கூப்பிட்டு, எங்க வீட்டுப் பொம்பளைங்க இன்னிக்கு என்ன மருந்து சாப்பிட்டாங்க தெரியுமான்னு கேக்குறாரு. அந்த ஆளை நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்னம்மா இது, மெஷினையும் மனுஷனையும் சேர்த்துப் பேசுற?"

"மனுஷனா இருந்தா வாய்ல ரெண்டு போடுவோம். மெஷினா இருக்குறதால புத்திசாலிங்கிறோம்."

அவர் முகம் சுருங்கியது. ஜெசிந்தா பதிவைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு வரியிலும் மூன்றே செய்திகள்: யார் விரல், என்ன மருந்து, எப்போது.

"பாருங்க. ஒரே நேரத்துல ஆறு மாத்திரை, அதுல சோகைக்கு மட்டும் மூணு, ஒரே விரல். தினமும் இப்படித்தான். ஒரு ஆளு சாப்பிடுற மாதிரியா இருக்கு?"

வாசலில் விடுதி வார்டன் பூங்கோதையின் குரல் கேட்டது. பருத்த உடம்பு, மூச்சு வாங்கியபடி வந்திருந்தாள். "அது ரூமுக்கு ஒருத்திதான் சார் இறங்கி வருவா. ஷிப்ட் முடிஞ்சு வந்தா ஒவ்வொருத்தியும் மாடி இறங்க முடியுமா? ஒருத்தி எல்லாத்துக்கும் சேத்து எடுத்துட்டுப் போவா. பொட்டியிலயே 'வேறொருவருக்காக'ன்னு பட்டன் இருக்குல்ல. அதை அமுக்கி எடுக்குறதுதான். அந்த ரூமுக்கு எப்பவும் வள்ளிதான். மத்தவளுங்க சோம்பேறிக் கழுதைங்க."

"அப்ப 'வேறொருவருக்காக'ன்னு பதிவுல ஏன் இல்ல?" என்றார் சம்பத்குமார்.

"இதைப் பொருத்தினவங்க சுருக்கப் பதிவு போட்டிருக்காங்க. விரலை மட்டும் எழுதும். யாருக்குன்னு எழுதாது" என்றாள் ஜெசிந்தா.

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் திரையில் ஒன்றைக் கண்டுவிட்டால் அதற்குப் பின்னால் ஒரு முகம் இருக்கும் என்பது மறந்துபோகிற மனிதர்களில் ஒருவர். "அப்ப ரொம்ப சுலபம். முழுப் பதிவுக்கு மாத்திருங்க. பழையதும் வருமா?"

"டாக்டர் எழுதின சீட்டையெல்லாம் எடுத்துச் சேத்துக்கும். வரும்."

"யாருக்கு வலிப்புன்னு தெரிஞ்சுரும். இந்தப் பொண்ணு இங்கயே இருக்கட்டும். அவ போகட்டும். நியாயம்தானே?"

ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல ஆபீஸ் பொட்டியை முடிங்க. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்துர்றேன். வரும்போது முழுப் பதிவு ஓடணும். பஸ்சுக்கு முன்னாடி முடிச்சிட்டா இவளும் தப்பிச்சுக்குவா."

ஆபீஸ் கட்டடத்துக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். மாத்திரைப் பெட்டி ஒரு செயற்கை ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் இருந்தது. ஜெசிந்தா இணைப்பைத் தொடுவதற்கு முன் கையை எடுத்துக்கொண்டாள்.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். இதைச் சேத்தா, இங்க எடுக்குறவங்க பதிவும் கேட் மெஷினுக்குப் போகும். இத்தனை நாள் தனியா ஓடினதால தப்பிச்சீங்க. வேண்டாம்னு சொல்லுங்க, அப்படியே விட்டுர்றேன்."

"போகட்டுமே. எனக்கென்ன பயம்? நான் ஒரு தலைவலி மாத்திரைகூடப் போட்டதில்ல" என்று சொல்லிவிட்டு அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அவர் வீடு மில்லுக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் வந்துவிடும்.

அவள் இணைத்தாள். சர்வர் அந்தப் பெட்டியைக் கண்டுகொண்டது. பெட்டி தன்னிடம் வைத்திருந்த பழைய பதிவையெல்லாம் அதனிடம் ஒப்படைத்தது. ஜெசிந்தா அதைத் திறந்து பார்க்கவில்லை. பிறர் மருந்தைப் படிப்பது, பிறர் ஜெபத்தை ஒட்டுக்கேட்பதுபோல அவளுக்கு.

விடுதி அறைக்குத் திரும்பியபோது வள்ளிமயில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அந்த முழுப் பதிவு பட்டனை அமுக்கினா என் பேரு சுத்தமாயிரும்ல?"

"ஆயிரும்."

"அவ பேரு?"

ஜெசிந்தா திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"இந்த மில்லுல மட்டும் இல்லல்லக்கா? வார்டன் அக்கா சொன்னாங்க. இந்த ரோட்டுல இருக்குற எல்லா மில்லு கேட்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்குமாம். இங்க சிவப்புன்னா அங்கயும் சிவப்பாம்."

"ஆமா."

"அப்ப அவ எங்க போவா? நானாச்சும் எங்க ஊரு சாயல்குடிக்குப் போனா, மாமனுக்குக் கட்டி வெச்சுருவாங்க. அவன் மூஞ்சியப் பாத்தா எனக்குச் சோறு இறங்காது, அது வேற விஷயம். அவளுக்கு அந்த வீடும் இல்லக்கா."

"அதுக்காக நீ போய்க் குழியில விழுவியா?" ஜெசிந்தாவின் குரல் உயர்ந்துவிட்டது. "பெரிய தியாகியா நீ? மூணு வருஷம் மாடி ஏறி இறங்கி மாத்திரை கொண்டுபோய்க் குடுத்தியே, அதுல ஒருத்தியாச்சும் வந்து 'இது என்னுது'ன்னு சொன்னாளா?"

சொல்லி வாய் மூடவில்லை, கதவருகே நிழல் விழுந்தது. உணவு இடைவேளைக்கு வந்த அந்த அறைப் பெண்கள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. சாப்பிடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறார்கள்.

"வாங்கம்மா, வாங்க" என்றாள் ஜெசிந்தா. "உங்க சம்பளம் பத்திரமா இருக்கு. உங்க தோழி வாளியோட உக்காந்திருக்கா. பாத்துட்டுப் போங்க."

ஒருத்தி அழத் தொடங்கினாள். இன்னொருத்தி, "நான் சொல்லிர்றேன்க்கா..." என்றாள். அவளைத் தள்ளிக்கொண்டு மற்றொருத்தி, "இல்லக்கா, நான்..." என்றாள். வள்ளிமயில் துள்ளி எழுந்தாள். வாளி உருண்டு சுவரில் மோதியது.

"வாய மூடிக்கிட்டுப் போய்ச் சோத்தத் தின்னுங்கடி! ஒருத்தியாவது பேரச் சொன்னீங்க, இனி ஜென்மத்துக்கும் உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்!"

அழுதது யார், முதலில் வாயெடுத்தது யார் என்று ஜெசிந்தா பார்க்கவில்லை. வேண்டுமென்றே திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெண்களைச் சுடுசொல்லால் குத்தியதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவர்கள்மேல் கோபம் போய்விட்டது. அது வேறிடத்தில் போய்ச் சேர்ந்து இன்னும் பெரிதாக எரிந்தது.

என்ன அநியாயம் இது, மாதாவே! இந்தப் பெண் செய்தது ஒரு சின்ன உபகாரம். களைத்துப் படுத்திருப்பவளுக்காக மாடி இறங்கினாள். அந்த உபகாரத்தை ஒன்றுவிடாமல் எழுதிவைத்து, அதையே அவள் கழுத்தில் கட்டித் துரத்துகிறது ஒரு பெட்டி. அதற்குப் பரிகாரம் கேட்டால், இன்னொருத்தியைத் துரத்துவதுதான் நியாயம் என்கிறார் ஒரு படித்த மனிதர். விரலை அந்தப் பொத்தான்மேல் வைத்தாள். எடுத்தாள். அமுக்கினால் ஒருத்தி போவாள். அமுக்காவிட்டால் இன்னொருத்தி போவாள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று தன்னிடம் கேட்கும் உரிமையை இந்தத் திரைக்கு யார் கொடுத்தது?

அப்போதுதான் வாசல் காவலர் இருளப்பன் போனில் கூப்பிட்டார். குரலில் ஒரு மாதிரியான மரியாதை, அடக்கிக்கொண்ட ஏதோ ஒன்று.

"சர்வர் அம்மாங்களா? கொஞ்சம் கேட்டுக்கு வர முடியுமா? நம்ம சம்பத் சார் வெளிய நிக்கிறாரு. மெஷின் உள்ள விட மாட்டேங்குது."

ஜெசிந்தா போனபோது சம்பத்குமார் கொதிக்கிற வெயிலில், கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். கட்டை விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் சிவப்பு.

"இருளப்பா, கதவத் திறய்யா! என்னைத் தெரியாது உனக்கு?"

"தெரியும் சார். ஆனா காலையில அந்தப் புள்ளைக்காக நான் கேட்டப்ப, மெஷின் பொய் சொல்லாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க." இருளப்பன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "மறதி நோயாம் சார். எழுதியிருக்கு. கை நடுக்கமும் இருக்காம். ஒரு வருஷமா மருந்து சாப்பிடுறீங்களாம். தகுதி இல்லைங்குது."

"எனக்கு மறதியா? ஏய், உன் பேரன் காது குத்துக்கு எவ்வளவு மொய் வெச்சேன்னு இப்பவே சொல்லட்டுமா!"

மாதா மன்னிக்கட்டும், ஜெசிந்தாவுக்கு அந்தக் கணம் இனித்தது. நிழலில் நின்றபடியே பேசினாள்.

"சார், அந்த மாத்திரை உங்களுதா?"

"இல்லம்மா! நான்தான் சொன்னேனே."

"அப்ப உங்க விரல் எப்படி?"

அவர் முகத்தில் இருந்த கோபம் மெல்ல வேறொன்றாக மாறியதை ஜெசிந்தா கண்டாள்.

"தினமும் காலையில எடுத்துட்டுப் போய்க் குடுப்பேன்" என்றார் தணிந்த குரலில். "அவருக்கு... இங்க இருக்குற ஒருத்தருக்கு. பொட்டி வரைக்கும் வந்தா நாலு பேரு பாப்பாங்கன்னு அவருக்கு பயம். தண்ணி டம்ளரப் பிடிச்சா கை ஆடுது. எனக்கு முதமுதல்ல வேலை போட்டுக் குடுத்த மனுஷன்ம்மா."

"பேரு சொல்லுங்க. முழுப் பதிவு போட்டா ஒரே நிமிஷத்துல உங்க பேரு சுத்தமாயிரும். அவரு போகட்டும். நியாயம்தானே?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னாள். ஆனாலும் அது தன் வாயிலிருந்து வந்தபோது எவ்வளவு கொடியதாக இருந்தது!

சம்பத்குமார் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

"வேண்டாம்மா" என்றார். "பேரு மட்டும் கேக்காத."

இருளப்பன் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து கம்பிக் கதவுக்கு மேலாக அந்தப் பக்கம் கொடுத்தார். பிறகு ஒரு செம்புத் தண்ணீரும் கொடுத்தார். கதவை மட்டும் திறக்கவில்லை. அது அவர் கையில் இல்லை.

சம்பத்குமார் தண்ணீரைக் குடித்துவிட்டு, செம்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "நீ என்னம்மா செய்யணும்னு நெனைக்கிற?"

"ரெண்டு வேலை சார். பதிவை நிறுத்தி, இருக்குறத அழிச்சிரணும். மருந்து எவ்வளவு தீர்ந்துதுன்னு மட்டும் எழுதட்டும், அது போதும் அதுக்கு. அப்புறம் டிஸ்கவரியை மூடணும். நம்ம பொட்டியைத் தவிர வேற யாருக்கும் அது குரல் குடுக்கக் கூடாது. ஆனா நானா செஞ்சா அது திருட்டு. நீங்க சொல்லணும்."

"மேல இருந்து கேப்பாங்களே."

"கேப்பாங்க."

அவர் எதிரே இருந்த தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னேன்னு சொல்லு. எழுதியும் குடுக்குறேன். அழிச்சிரு."

அழிப்பதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. சர்வர் வாயை மூடிக்கொண்டது. வாசல் இயந்திரம் அதைத் தேடிப் பார்த்துவிட்டு, கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் பச்சைக்கு மாறியது. முதலில் சம்பத்குமாருக்கு. பிறகு, வாளியோடு வந்து விரல் வைத்த வள்ளிமயிலுக்கு. உணவு இடைவேளை முடிந்து போய்க்கொண்டிருந்த பெண்கள் கத்திய கத்தலில் வார்டன் பூங்கோதை காதைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் ஜெசிந்தாவின் காது மடல் இன்னும் சிவந்தே இருந்தது.

"சார், இங்க அழிச்சாச்சு. பக்கத்து மில்லு கேட்டெல்லாம் காலையிலயே இவ பேரை வாங்கி வெச்சுக்கிட்டுது. இப்ப உங்க பேரும் போயிருக்கும். அதுல நான் கை வைக்க முடியாது. அங்கங்க இருக்குற அலுவலர்தான் நீக்கணும்."

"போன் பண்ணட்டுமா?"

"பண்ணிப் பாருங்க."

பண்ணினார். இரண்டு இடத்தில் எடுக்கவில்லை. மூன்றாம் இடத்தில், "எங்க மெஷின்ல நீங்களே தகுதி இல்லாத ஆளுன்னு காட்டுது, உங்க பேச்சை எப்படி சார் எடுத்துக்கிறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். சம்பத்குமார் போனைச் சட்டைப் பையில் போட்டார். மில் வேனின் சாவியைக் கேட்டு வாங்கினார்.

"வாங்க, நேர்ல போய்ச் சொல்லுவோம். ஒவ்வொரு மில்லா."

இயந்திரங்கள் கண் சிமிட்டும் நேரத்தில் சொல்லி முடித்ததை, மூன்று மனிதர்கள் ஒரு பழைய வேனில் போய்த் திரும்ப வாங்கத் தொடங்கினார்கள். சம்பத்குமார் ஓட்டினார். பின்னால் ஜெசிந்தாவும் வள்ளிமயிலும். முதல் மில்லின் வாசலில் எதிர்பார்த்ததுதான் நடந்தது. இரண்டு பேர் விரலுக்கும் சிவப்பு. ஜெசிந்தாவுக்கு மட்டும் பச்சை. அவள் உள்ளே போய் அலுவலரைக் கூட்டிவருவதாகச் சொன்னாள். கதவுக்குள் காலை வைக்கும்போது பின்னால் பேச்சுக் கேட்டு, ஒரு நிமிடம் நின்றாள்.

மதில் ஓரம் இருந்த கொஞ்ச நிழலில் நல அலுவலரும் வள்ளிமயிலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

"வள்ளிமயில், தப்பா நெனைக்காத. அந்த வலிப்பு மாத்திரை யாருதும்மா?"

"தெரிஞ்சா என்ன சார் பண்ணுவீங்க?"

சம்பத்குமார் இந்த முறை உண்மையாகவே யோசித்தார். "விடுதியில எல்லாம் ரெண்டடுக்குக் கட்டில்தானே. அந்தப் பொண்ணு மேல படுத்திருந்து ராத்திரி வலிப்பு வந்தா என்னாவுறது? கீழ்க் கட்டிலா பாத்துக் குடுப்பேன். மெஷின்கிட்ட விடாம, பேக்கிங்ல போடுவேன்."

வள்ளிமயில் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கட்டிலெல்லாம் நாங்க எப்பவோ மாத்திட்டோம் சார்."